மாரீஸ்வரி போட்ட முடிச்சு

சாயந்திரம் ஐந்து மணிக்குப் புதுவயல் ரைஸ்மில்களிலிருந்து தவிடு படிந்த தலைகளோடு ஆட்கள் வெளியே வருவார்கள். லாரிக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுக் கை கழுவுவார்கள். அந்த நேரம் பார்த்து சத்தியமூர்த்தி ஹோட்டல் வாசலில் 'டப், டப்' என்று மாவை வீசி அடிக்கும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டால் போதும், மாஸ்டர் வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். கடைக்கு அதற்கு மேல் விளம்பரம் தேவைப்பட்டதில்லை.

மாஸ்டர் என்றால் சின்னக்கருப்பு. சாக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். வயது நாற்பத்தொன்று. இருபத்திரண்டு வருஷமாகப் பரோட்டா வீசுகிற கை. உருண்டையைத் தட்டி, எண்ணெய் தடவி, ஓரத்தைப் பிடித்து ஒரு சுழற்று. மணிக்கட்டு மேலே எழும்ப, விரல்கள் விரிய, கைக்குட்டை அளவு மாவு காற்றிலேயே வேட்டி அகலத்துக்கு விரியும். அடுத்த பக்கம் நிற்கும் ஆளின் முகம் அதன் வழியே தெரியும்.

"மாஸ்டர், இதுல படமே பார்க்கலாம் போல இருக்கே!" என்பார்கள் லாரிக்காரர்கள்.

"டிக்கெட் எடுத்துட்டுப் பாருங்க," என்பார் அவர், தலை நிமிராமல்.

மனைவி மாரீஸ்வரி ஒரு மில்லில் நெல் காயவைக்கும் களத்தில் வேலை பார்த்தாள். ஒரே மகள் சத்தியப்பிரியா, பத்தாம் வகுப்பு. அவள் நான்கு வயதில் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, மாரீஸ்வரி ஒரு ஐந்து ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, மாரியம்மனை நினைத்துப் பிள்ளையின் கையில் கட்டினாள். மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டது. ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தும் வேலை செய்திருக்கும். ஆனால் மாரீஸ்வரியின் கண்ணில் கடைசிவரை நின்றது அந்த மஞ்சள் துணிதான். அந்த நம்பிக்கை பதினோரு வருஷம் கழித்து எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

சித்திரை மாதம். அடுத்தடுத்து இரண்டு கல்யாண ஆர்டர். சின்னக்கருப்பு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, கடையின் பின்பக்க மர பெஞ்சில் சாய்ந்தார். வலது கையைப் பெஞ்சின் முதுகுக் கட்டைக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் தொங்கப் போட்டார். மின்விசிறிக் காற்று இதமாக இருந்தது. ஒரு மணிக்குக் கண்ணை மூடியவரை, ஐந்தாகப் போகும்போது சத்தியமூர்த்திதான் வந்து எழுப்பினார்.

முகம் கழுவிக்கொண்டு மேடைக்கு வந்தார். உருண்டையை எடுத்துத் தட்டினார். ஓரத்தைப் பிடித்துச் சுழற்றினார்.

மாவு சுழலவில்லை. சொத்தென்று காலடியில் விழுந்தது.

குனிந்து பார்த்தார். வலது கை மணிக்கட்டிலிருந்து கீழ்நோக்கி மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. விரல்களை விரிக்கச் சொன்னார் மனதுக்குள். விரல்கள் கேட்கவில்லை.

"என்ன மாஸ்டர், நீங்க எந்திரிச்சிட்டீக, கை இன்னும் எந்திரிக்கலையா?" என்று ஒருவர் சிரித்தார். சின்னக்கருப்பும் சிரித்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்தார். விட்டதும் அது மறுபடியும் மடிந்தது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

காரைக்குடியில் நரம்பு டாக்டர் குமரப்பன், வாயைப் பார்த்தார், காலைத் தட்டினார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். "பக்கவாதம் இல்லை. பயப்படாதீங்க," என்றார். மாரீஸ்வரி அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் சின்னக்கருப்பின் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு விளக்கினார். "ரேடியல் நரம்புன்னு ஒண்ணு இருக்கு. அக்குள்ல இருந்து கிளம்பி, மேல்கை எலும்பைப் பின்பக்கமாச் சுத்திக்கிட்டு, வெளிப்பக்கம் வரும். அப்புறம் முழங்கையைத் தாண்டிக் கீழே போகும். மணிக்கட்டைத் தூக்குறது, விரலை நீட்டுறது, கட்டைவிரலை விரிக்கிறது, எல்லாத்துக்கும் உத்தரவு போறது அது வழியாத்தான். இந்தா, இந்த இடம்." முழங்கைக்கு மேலே, மேல்கையின் வெளிப்பக்கத்தில் பேனாவால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டார். "இங்க நரம்பு எலும்பை ஒட்டிப் படுத்திருக்கு. மேல அதிகம் சதை கிடையாது. நீங்க நாலு மணி நேரம் கட்டையில இதை நசுக்கிக்கிட்டே தூங்கியிருக்கீங்க."

"அறுந்து போச்சா சார்?"

"அறுகலை. நசுங்கியிருக்கு. கொஞ்ச நாள்ல தானா வரும். அதிகபட்சம் மூணு மாசம்."

மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு தாங்கி கொடுத்தார். இடது கையால் வலது கை விரல்களை விரித்து விரித்து மடக்கப் பயிற்சி சொன்னார். கட்டு, எண்ணெய், உருவல் எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கடைசியாக ஒன்றும் சொன்னார்: "நான் இப்படி விரலால தட்டும்போது, கட்டைவிரல் பக்கம் கரண்ட் ஓடுற மாதிரி சுள்ளுன்னு இருந்தா, நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம். மாசாமாசம் அந்தச் சுள்ளு கீழ கீழ இறங்கி வரணும்."

இந்தக் கடைசி வார்த்தையை மாரீஸ்வரி மனதில் பத்திரமாக முடிந்துகொண்டாள்.

மூன்றாம் வாரம் சத்தியப்பிரியாதான் முதலில் கத்தினாள். "அப்பா, அசையுது! மணிக்கட்டு அசையுது!" ஒரு நூலிழை அளவுதான். ஆனால் அசைந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வந்தவர்களில் ஒருத்தி, "ஆத்தாடி, இம்புட்டுச் சீக்கிரமாவா! எங்க மாமாவுக்கு இப்பிடி வந்து கடைசிவரைக்கும் தொங்குன கை தொங்குனபடியே இருந்துச்சே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பேச்சு மாரீஸ்வரியைத் தூங்கவிடவில்லை. வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டு, பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைத் தேடி எடுத்தாள். மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்தாள்.

"டாக்டரு கட்டக் கூடாதுன்னாருல்ல?" என்றார் சின்னக்கருப்பு.

"அவரு சொன்னது வைத்தியக் கட்டு. இது வேண்டுதல். உங்க மகளக் காப்பாத்துன முடிச்சு. வேணாம்னு சொல்லுவீகளா?"

அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? மகள் எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கே கட்டுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. டாக்டர் பேனாவால் போட்ட குறி அழிந்திருந்தாலும், அந்த இடம் அவளுக்கு மறக்கவில்லை. நோவு எங்கே இருக்கிறதோ அங்கேதானே அம்மன் இருக்க வேண்டும்? காசைச் சரியாகக் குறி இருந்த இடத்தின்மேல் வைத்து, நழுவாமல் இறுக்கிக் கட்டினாள்.

கட்டிய அந்தக் கணம் சின்னக்கருப்பு துள்ளினார். "ஸ்ஸ்! சுள்ளுன்னுச்சு. கட்டைவிரல் வரைக்கும் ஓடுச்சு."

மாரீஸ்வரியின் கண் நிறைந்தது. கைகளைத் தலைக்குமேல் குவித்தாள். "அம்மா இறங்கிட்டா. டாக்டரு சொன்ன அதே சுள்ளு!"

அடுத்த வாரம் அந்த நூலிழை அசைவு நின்றுபோனது.

கண் பட்டுவிட்டது என்று அவள் நினைத்தாள். வாசல் கதவைச் சாத்தியே வைத்தாள். வேலையில்லாத கை நாளுக்கு நாள் மெலிந்தது. மெலிய மெலியத் துணி தளர்ந்தது. தளர்ந்தால் வேண்டுதலும் தளர்ந்துவிடும் என்று ஒவ்வொரு வெள்ளியும் அவிழ்த்து இன்னும் இறுக்கமாகக் கட்டினாள். கட்டும்போது சுள்ளென்று ஓடும். அதுதான் அவளுக்குச் சாட்சி. ஓடவில்லை என்றால், ஓடும்வரை இறுக்கினாள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் சின்னக்கருப்புக்கு உணர்ச்சியே இல்லாமல் போயிருந்தது. ஒருநாள் பழக்கதோஷத்தில் கடைக்குப் போய்ப் பரோட்டாக் கல்லருகே நின்றவர், பேசிக்கொண்டே புறங்கையை அதன்மேல் சாய்த்துவிட்டார். கருகும் வாசனை வந்தபிறகுதான் அது தன் தோல் என்று தெரிந்தது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

மேடையில் இப்போது சரவணகுமார் என்று ஒரு புது மாஸ்டர் நின்றார். "நீங்க வர்ற வரைக்கும்தான் மாஸ்டர்," என்றார் சத்தியமூர்த்தி. மூன்று வாரம் கழித்து அந்த வாக்கியத்தைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் மட்டும் முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. டாக்டர் பார்த்தால் திட்டுவார். ஆனால் வேண்டுதல் முடிச்சை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது, தரையில் படக் கூடாது, ஒரு ஆள் மேலேயே இருக்க வேண்டும் என்பது மாரீஸ்வரி கேட்டு வளர்ந்த வழக்கம். அதனால் பஸ் ஏறும் முன் அவருடைய கையிலிருந்து அவிழ்த்து, தன் வலது கையில் அதே இடத்தில் கட்டிக்கொள்வாள். மேலே சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொள்வாள். திரும்பியதும் மறுபடி அவர் கைக்கு.

ஆனி மாதம் டாக்டர் அந்த இடத்தில் வட்டமாக ஒரு தடத்தைப் பார்த்தார். "இது என்ன?"

"தாயத்துக் கட்டியிருந்தேன் சார். கழட்டிட்டேன்." சின்னக்கருப்பு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இதுதான் பெரியது.

"இனிமே கட்டாதீங்க," என்றார் டாக்டர். தட்டிப் பார்த்தார். சுள்ளென்றது, குறி போட்ட அதே இடத்தில். ஒரு அங்குலம் கூடக் கீழே இறங்கவில்லை. மின்சாரம் வைத்து நரம்பைச் சோதித்தார்கள். காகிதத்தில் வந்த கோடுகளை டாக்டர் நெடுநேரம் பார்த்தார்.

"வந்திருக்கணும். ஏன் வரலைன்னு எனக்கே புரியலை. ஆவணி வரைக்கும் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, கையைத் திறந்து நரம்பைப் பார்த்துடுவோம். அது செத்துப்போயிருந்தா, நல்லா இருக்கிற வேற தசைநாரைத் திருப்பி விரலுக்குக் கட்டணும்."

"கட்டுனா?"

"டம்ளர் பிடிக்கலாம். சாப்பிடலாம். வண்டி ஓட்டலாம்."

"பரோட்டா வீசலாமா சார்?"

டாக்டர் அந்தக் காகிதத்தை மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார்.

ஆடி முழுக்க மாரீஸ்வரி ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தாள். முடிச்சை இறுக்கினாள். ஆடி போய் ஆவணி வந்தது. கை தொங்கிக்கொண்டே இருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

அன்று காலை ஏழு மணிக்கே சின்னக்கருப்பைப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். மாரீஸ்வரி வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். முடிச்சு அவள் கையில் இருந்தது. இன்றைக்கு நழுவினால் எல்லாம் போய்விடும் என்று பல்லால் ஒரு முனையைக் கடித்துப் பிடித்து, என்றைக்கும் இல்லாத இறுக்கமாகக் கட்டியிருந்தாள். கட்டும்போது அவள் கட்டைவிரலுக்கும் அந்தச் சுள்ளு ஓடியது. கும்பிட்டுக்கொண்டாள்.

எட்டு மணி, ஒன்பது, பத்து. முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பெஞ்சின் கைப்பிடியில் வலது கையை அழுத்திச் சாய்த்து, அதன்மேல் தலையை வைத்தாள். கண் சொருகியது. சத்தியப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா தூங்கட்டும் என்று யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டாள். பாவம், அந்தப் பிள்ளை நல்லதுதான் நினைத்தது.

பன்னிரண்டரைக்கு நர்ஸ் சுபா பேப்பர்களோடு வந்தார். "சின்னக்கருப்பு வீட்டுக்காரம்மா யாரு? இங்குட்டு வாங்க. ஆபரேஷனுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க."

மாரீஸ்வரி திடுக்கிட்டு எழுந்தாள். பேனாவை வாங்கினாள்.

பேனா விழுந்தது.

சத்தியப்பிரியா எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது. மாரீஸ்வரி தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு மடிந்து, விரல்கள் சுருண்டு, நான்கு மாதமாக அவள் இரவும் பகலும் பார்த்துப் பார்த்து அழுத அதே கை, இப்போது அவள் தோளிலிருந்து தொங்கியது.

"அம்மா!" என்று அலறினாள் மகள்.

மாரீஸ்வரி அலறவில்லை. அவள் முகம் மலர்ந்தது. நர்ஸ் சுபா அதைப் பார்த்துத்தான் இரண்டடி பின்னால் போனார்.

"வந்துருச்சுடி! ஆத்தா எனக்கு மாத்தி விட்டுட்டா! உங்கப்பா கையைப் போய்ப் பாரு, நல்லா ஆயிருக்கும். போய்ப் பாரு!" அவளே ஓடினாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், படுக்கையில் இருந்த கணவரின் முன்னால் நின்றாள். "ஏங்க, கையத் தூக்குங்க. என்னைய எடுத்துக்கிட்டு உங்களக் குடுத்துட்டா. தூக்குங்க!"

சின்னக்கருப்பு தூக்கப் பார்த்தார். தாங்கியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவர் கை அசையவில்லை. அவர் கையும் தொங்கியது, அவள் கையும் தொங்கியது.

சத்தம் கேட்டு டாக்டர் குமரப்பன் வந்தார். அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். விரலால் மேலே மேலே தடவிக்கொண்டு போனார். சேலைத் தலைப்பை விலக்கினார். மஞ்சள் துணி சதைக்குள் புதைந்து, அதன் நடுவே காசு வட்டமாகப் புடைத்திருந்தது. சரியாக அந்த இடத்தில். அவரே பேனாவால் குறி போட்டுக் காட்டிய இடத்தில்.



"இதை எப்பக் கட்டுனீங்க?"

"காலையில."

"இதுக்கு முன்னாடி இது எங்க இருந்துச்சு?"

 சத்தியப்பிரியாதான் மெல்லச் சொன்னாள். "அப்பா கையில. வைகாசியில இருந்து. வாராவாரம் இறுக்கிக் கட்டுவாங்க."

டாக்டர் கத்தரிக்கோலை எடுத்தார். "வெட்டாதீக!" என்று கத்தினாள் மாரீஸ்வரி. அவர் கத்தரியை வைத்துவிட்டுப் பொறுமையாக நகத்தால் முடிச்சை அவிழ்த்தார். காசை அவளுடைய இடது உள்ளங்கையில் வைத்தார்.

"அம்மா, உங்க கை ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும். அஞ்சாறு மணி நேரம்தான் இது நசுக்கியிருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "அவரு கைய மூணு மாசமா நசுக்கியிருக்கு."

அவருக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம். மாரீஸ்வரி அந்தக் காசைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். ஒவ்வொரு வெள்ளியும், ஒவ்வொரு சுள்ளும் அவள் கண்ணுக்குள் வரிசையாக வந்து நின்றிருக்க வேண்டும். அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"நானா?" என்று மட்டும் கேட்டாள். "நானாங்க?"

"நாந்தான் டாக்டர்ட்டப் பொய் சொன்னேன். நீ எந்திரி," என்றார் சின்னக்கருப்பு.

ஆபரேஷன் அன்று நடக்கவில்லை. "ஆறு வாரம் பார்க்கலாம். நரம்புல மிச்சம் உயிர் இருந்தா காட்டும். இல்லைன்னா திறந்துதான் ஆகணும்," என்றார் டாக்டர். முழங்கையை மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்க ஒரு டம்ளரைத் தூக்குகிற மாதிரி செய்யச் சொன்னார். முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு சதையைத் தொட்டுக் காட்டினார். "முதல்ல முழிக்கிறது இதாத்தான் இருக்கும். இங்க துடிக்குதான்னு தினம் தொட்டுப் பாருங்க."

மாரீஸ்வரியின் கை மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. சோறு பிசையும்போது, கோலம் போடும்போது, களத்தில் நெல்லைத் தள்ளும்போது, கேட்டபடி விரியும் தன் விரல்களை அவளால் பார்க்க முடியவில்லை. காசை மறுபடி முடிந்து, தாலிக் கயிற்றில் தளர்வாகக் கோத்துக்கொண்டாள். வேண்டுதல் முடியாமல் அதை உண்டியலில் போட முடியாது, யார்மேலும் கட்டவும் இனித் தைரியம் இல்லை.

கணவரின் கையை அவள் தொடுவதை நிறுத்திவிட்டாள். சட்டை மாட்டிவிடுவது, தாங்கியின் பட்டையை ஒட்டுவது, விரல்களை விரித்துவிடுவது எல்லாம் சத்தியப்பிரியாவின் வேலையானது. அவர் பக்கத்தில் வந்தால் தன் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் போனது. இரண்டு போனது. மூன்று, நான்கு. சதை துடிக்கவில்லை. சரவணகுமார் வீசும் மாவின் சத்தம் வீடுவரை வரும்போது சின்னக்கருப்பு டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

ஐந்தாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் டியூஷன் போயிருந்தாள். மாரீஸ்வரி டீயை அவருக்கு எதிரே தரையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"மாரி, இங்க வா. புள்ள இல்ல. நீ தொட்டுப் பாரு."

"நான் மாட்டேன். அவ வரட்டும்."

"எனக்கு இந்தக் கைதான் தொங்குது. அந்தக் கை நல்லாத்தான் இருக்கு, பிடிச்சு இழுத்துருவேன்."

அவள் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, தன் வலது முழங்கையின் பக்கம் வைத்தார்.  தொட்டும் தொடாமலும் வைத்திருந்தாள், நெருப்பில் வைத்த மாதிரி.

அவர் முழங்கையை மடக்கினார். ஒன்றும் இல்லை.

மறுபடி மடக்கினார். ஒன்றும் இல்லை. டீயில் ஆடை படர்ந்தது.

மூன்றாம் முறை மடக்கினார். அவள் விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று, மாவுக்குள் மாட்டிய காற்றுக் குமிழி போல, நெளிந்துவிட்டு அடங்கியது.

மாரீஸ்வரி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "அழுத்திட்டேனா? நான் அழுத்திட்டேனாங்க?"

"நீ அழுத்தல. அது தானா வந்துச்சு." அவர் இடது கையை நீட்டினார். "கைய எடுக்காதடி. வையி. இன்னொருக்க மடக்குறேன்."